போடுறவங்க இடது

“வெள்ளை, பச்சை, பச்சை, மஸ்டர்டு…”

“மஸ்டர்டு இல்ல கீர்த்தனா. மஞ்சள்னு சொல்லு.”

“மஞ்சளுங்க்கா. அப்புறம் ராயல் ப்ளூ, டேஞ்சரின், ஆஃப் ஒயிட்.”

“அதுவும் வெள்ளைதானே?”

“இது கொஞ்சம் அழுக்கு வெள்ளைங்க்கா.”

மணி ஒன்று பத்து. டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அனுசுயா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாயிற்று. எதிரில் ஸ்டூலில் கீர்த்தனா. கையில் கியூபைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிறம் சொல்கிறாள். செக்கிங் பிரிவுப் பெண் அவள். நாள் முழுக்கத் துணியை ஷேடு கார்டோடு ஒட்டிவைத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆறு நிறக் கியூபில் ஒன்பது நிறமாவது தெரிந்துவிடும். அந்த ஒன்பதை ஆறாகக் குறைத்து, ஐம்பத்துநாலு எழுத்தாக அடித்து முடிப்பதற்குள் அனுசுயாவுக்குப் பாதி இடைவேளை போய்விடும். போனால் போகட்டும் என்பாள். பல்லடம் சாலையில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் சாப்பாட்டுக்குப் பிறகு சிலர் செல்போன் பார்ப்பார்கள், சிலர் கட்டிங் டேபிளுக்கு அடியில் கண்ணயர்வார்கள். அனுசுயா கியூப் சேர்ப்பாள். அதையும் தன் கைபடாமல் சேர்ப்பாள்.

என்டர் தட்டியதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வரும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மௌஸுக்கு அங்கே வேலையே கிடையாது. அவளே எழுதிய புரோகிராம். பெயர் ‘சேரு’. பெயரை அடித்து, பக்கத்தில் நிறங்களை அடித்தால், எந்தப் பக்கத்தை எவ்வளவு திருப்பினால் கியூப் சேரும் என்று சொல்லிவிடும். மே1 என்றால் மேல்பக்கத்தை ஒரு கால் சுற்று, கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிற திசையில். மே3 என்றால் அதே திசையில் முக்கால் சுற்று. இப்படியே கீழ்ப்பக்கத்துக்குக் கீ, முன்னுக்கு மு, பின்னுக்குப் பி, வலதுக்கு வ, இடதுக்கு இ. இதையெல்லாம் தமிழ் எழுத்திலேயே வைக்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் வந்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிய்ந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தாள். நிறங்களைத் தப்பாக அடித்துவிட்டால், அப்படி ஒரு கியூப் உலகத்தில் இருக்க முடியாது என்று கண்டுபிடித்து, ‘சேராது’ என்று ஒற்றைச் சொல்லில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். புரோகிராமுக்கு மரியாதை தெரியவில்லை என்பது கீர்த்தனாவின் மனக்குறை.

“‘சேராதுங்க’ன்னு வெச்சா என்னங்க்கா, கொறஞ்சா போயிரும்?”

அனுசுயாவுக்கு முப்பத்தாறு வயது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அங்கே பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். கணவர் அருண்பாண்டி பவர் டேபிள் என்கிற தையல் கூடத்தில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். கம்ப்யூட்டர் படித்த பெண் என்றதும் கம்பெனியில் அவளை மார்க்கர் போட உட்கார வைத்தார்கள். ஒரு சட்டைக்கு முன், முதுகு, கை, கழுத்து என்று எத்தனை துண்டு உண்டோ, அத்தனையையும் துணியின் அகலத்துக்குள் இடம் வீணாகாமல் திரையில் நெருக்கி அடுக்குகிற வேலை அது. அடுக்குவதை இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. ஆனாலும் அது அடுக்கியதை அனுசுயா அப்படியே விட்டதில்லை. “அந்தக் கையைக் கவுத்துப் போட்டா அரை இஞ்சு மிச்சமாவும்ல” என்று முனகிக்கொண்டே நகர்த்துவாள். மிச்சமாகும். பதினோரு வருடமாக இதே நாற்காலி. சலித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

கியூப் வந்தது பஸ் ஸ்டாண்டில். ஆறு வருடத்துக்கு முன்னால் பல்லடத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, சீப்பும் டார்ச்சும் விற்றுக்கொண்டு ஏறினவரிடம் வாங்கினாள். மூன்று முறை திருப்பினாள். அதன்பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மற்றவர்களாக இருந்தால் வீடியோ பார்த்துக் கையால் சேர்க்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். அனுசுயாவின் புத்தி வேறு பாதையில் போயிற்று.

“கையால சேக்கக் கத்துக்கிட்டா எனக்கு மட்டுந்தான் சேரும். எழுதி வச்சிட்டா யாரு வேணும்னாலும் சேத்துக்கிடலாம்ல.”

ஆகவே இன்று வரைக்கும் அவளுக்குக் கையால் கியூப் சேர்க்கத் தெரியாது. அதில் வெட்கமும் கிடையாது. “எனக்குச் சேக்கத் தெரியாதுங்க. சேக்கச் சொல்லத்தான் தெரியும்” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்கிறாள். எப்படிக் குலைந்த கியூபையும் இருபது திருப்புக்குள் சேர்த்துவிடலாம் என்று கணக்கு படித்தவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ‘சேரு’ பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று சொல்லும். அதைக் குறைக்கிறதுதானே என்றால், “ரெண்டு திருப்பு கூடப் போனா என்ன, பஸ்ஸையா விடப்போறோம்” என்பாள். செல்போனில் ஓடுகிற மாதிரி அழகாகச் செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாமே என்றால் அதற்கும் பதில் உண்டு. “அதுக்குப் படம் போடணும், கலர் போடணும். நாள் பூரா கலரைத்தானே பாக்குறோம். இது ஒண்ணாச்சும் கறுப்பாக் கெடக்கட்டும்.”

புரோகிராமை எழுதி முடித்த புதிதில் ஒரு விசித்திரம் நடந்தது. வீட்டில் சேர்கிற கியூப் ஆபீஸில் சேரவில்லை. வீட்டில் அவள் வரியைப் படிக்கப் படிக்க அருண்பாண்டி திருப்புவார், அழகாகச் சேர்ந்துவிடும். மறுநாள் ஆபீஸில் அதே புரோகிராம், அதே கியூப். காலேஜ் முடித்துவிட்டு அப்போதுதான் ஆர்டர் பிடித்து முடித்துக்கொடுக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருந்த பிரபாகர் திருப்புவான். குப்பை மாதிரி ஆகிவிடும். பிரபாகரின் கைதான் சரியில்லை என்று அவள் முடிவுகட்டினாள். பிறகு தன் கணக்கில் சந்தேகம் வந்து இரண்டு மாதம் வரிவரியாகத் தேடினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரின் கையைக் கவனித்தாள். இடது என்று இவள் படிக்கிறாள். அவர் வலக்கைப் பக்கத்தைத் திருப்புகிறார்.

“ஏங்க, எடதுன்னுதானே சொன்னேன்?”

“எடதைத்தானே திருப்புதேன். போடுறவங்க எடது.”

அனுசுயாவுக்குச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பனியன் தொழிலில் இடது என்றால் சட்டையைப் போடுகிறவரின் இடது. சட்டையை முன்பக்கம் மேலாக மேசையில் விரித்தால், இடது மார்பில் வைக்கும் லோகோ பார்க்கிறவரின் வலக்கைப் பக்கம் இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறாரோ இல்லையோ, இடம் வலம் எல்லாம் அவருடையதுதான். அந்தப் பழக்கத்தில் கியூபுக்கும் அவள் அப்படியே எழுதிவிட்டாள். டெய்லர் கணவருக்கு அது சரியாகவே பட்டது. காலேஜிலிருந்து நேராக வந்த பிரபாகருக்குப் படவில்லை. “கியூப் சட்டை போட்டிருக்குன்னு நெனச்சிட்டேன் போல” என்று ஒரே ஒரு வரியைத் திருத்தினாள். அன்றிலிருந்து ஆபீஸிலும் சேர்கிறது.

இந்த இடது, போன ஆவணியில் கம்பெனியையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒருவரைப் பிரபாகர் பிடித்திருந்தான். தானே அலைந்து பிடித்த முதல் பையர். குழந்தைகளுக்கான டி-சர்ட், இருபத்துநாலாயிரம் பீஸ். சட்டையின் முன்னால் குலைந்த கியூபின் மூன்று பக்கம், முதுகில் மற்ற மூன்று பக்கம். சட்டையை மடித்துப் போடுகிற கவருக்குள் கையடக்கமாக ஒரு கியூபும் வைத்துப் போகவேண்டும். உன் கியூபைச் சட்டையில் இருக்கிற மாதிரி திருப்பிக் காட்டு என்பது குழந்தைக்கு விடுகிற சவால். சாம்பிள் அனுப்பி, நிறம் பார்த்து, பையர் சரி என்று சொல்லியாயிற்று. அனுப்பர்பாளையத்தில் அங்கமுத்துவின் பிரிண்டிங் யூனிட்டில் முன்பக்கத் துணியில் பிரிண்ட் அடிக்கத் தொடங்கியாயிற்று. மறுவாரம் வியாழக்கிழமை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும்.

திங்கட்கிழமை மதியம், குலைத்து எடுத்து வருகிறேன் என்று கொண்டுபோன கியூபைக் கீர்த்தனா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாள். பிரபாகரின் மேசைக்கு மேலே அந்த சாம்பிள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. “இதையே படிக்கட்டுங்களா?” என்று எடுத்து வந்தாள். முன்னும் பின்னும் புரட்டி ஐம்பத்துநாலு நிறம் சொன்னாள். அனுசுயா என்டர் தட்டினாள்.

சேராது.

மஸ்டர்டு குழப்பம் என்று நினைத்து மறுபடி அடித்தாள். சேராது. மூன்றாம் முறை சட்டையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரல் வைத்து அடித்தாள். சேராது. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. முன்பக்கத்தில் இரண்டு பக்கங்கள் சந்திக்கிற ஓரத்தில், நடுத்துண்டு ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி மஞ்சளாகவும் இருந்தது. கியூபில் வெள்ளைக்கு நேர் எதிர்ப்பக்கம் மஞ்சள். அவை இரண்டும் ஒரே துண்டில் ஒட்டியிருக்க வழியே இல்லை.

அவள் பிரபாகரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இல்லீங்க்கா, பையரே ஓகே பண்ணிட்டாருங்க.”

“கலருக்கு ஓகே பண்ணிருப்பாரு. சேருதான்னு யாரு பாத்தா?”

“இப்பப் போயி நிறுத்தி, கப்பலையும் உட்டுட்டு, கடைசீல உங்க புரோகிராம்தான் தப்புன்னா என்னங்க்கா பண்றது?”

அனுசுயா அந்த ஓரத்தை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தாள். அதே கேள்வி அவளுக்கும் இருந்தது. நிறுத்தச் சொல்லி அவள் தப்பாக இருந்தால், இருபத்துநாலாயிரம் பீஸ் அவளால் கப்பலைத் தவறவிடும். சொல்லாமல் இருந்து அவள் சரியாக இருந்தால், அத்தனையும் பொய்ச் சட்டையாகத் திரும்பி வரும். பிரபாகர் இந்த வேலையில் நீடிக்க முடியாது. அங்கமுத்துவின் யூனிட் இன்னொரு பையரின் துணியை அடிக்காது. இடது வலத்தில் இரண்டு மாதம் ஏமாந்தவள் இவள். தன் கறுப்புத் திரையை நம்பலாமா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தாள்.

“ஸ்டோர்ல ரெண்டு கியூப் எடுத்துக்கிடு. அந்தப் பையர் குடுத்த பேப்பரையும் எடு. அங்கமுத்தண்ணேட்டப் போவோம்” என்றாள்.

அங்கமுத்து உள்ளூர்க்காரர். பூர்வீகமாக அதே மண். சட்டைப் பொத்தான் வரைக்கும் பிரிண்ட் கலர் தெறித்திருக்கும் மனிதர். நீள டேபிள்களில் வரிசையாகத் துணி ஒட்டியிருக்க, பீகார்ப் பையன்கள் ஸ்கிரீனைத் தூக்கித் தூக்கி வைத்து அடித்துக்கொண்டு போனார்கள். சூட்டில் காய்கிற கலரின் வாடை. வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

“ஏனுங்க அம்மணி, இருவத்தெட்டு வருசமா அடிக்கறனுங்க. ஒரு லோகோ எடம் மாறுனதில்லீங்க. கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு டேபிளை நிறுத்தச் சொன்னா எப்படீங்க?”

“கம்ப்யூட்டரை விடுங்கண்ணே. நீங்களே பாருங்க.”

அனுசுயா ஒரு கியூபின் மேல்தட்டைப் பாதி திருப்பி, ஓரத்துண்டைக் கட்டைவிரலால் நெம்பினாள். டக்கென்று கழன்றது. மிச்சமும் உதிர்ந்தது. இரண்டு நிறத்துண்டு பன்னிரண்டு, மூன்று நிற மூலைத்துண்டு எட்டு. டேபிள் மேல் பரப்பினாள். ஈரம் காயாத ஒரு முன்பக்கத் துணியைப் பக்கத்தில் வைத்து, நடு ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தா, ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி மஞ்சள். இந்தத் துண்டை மட்டும் எடுத்துக் குடுங்க. அப்புறம் நான் பேசாமப் போயிருதேன்.”

அங்கமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெள்ளையும் பச்சையும் இருந்தது, வெள்ளையும் சிவப்பும் இருந்தது, மஞ்சளும் நீலமும் இருந்தது. மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

“ஒண்ணு கீழ உழுந்துருச்சாட்ட இருக்குதுங்க” என்று குனிந்து டேபிளுக்கு அடியில் தேடினார். அங்கே எதுவும் இல்லை. எழுந்து, இரண்டாவது கியூபைப் பிரபாகர் கையிலிருந்து வாங்கி, அவரே நெம்பிப் பிரித்தார். அதிலும் இல்லை. ஸ்கிரீன் பிடித்திருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். “உல்டா ஹை க்யா?” என்று, மாறிப்போயிருக்கிறதா என்கிற அர்த்தத்தில், ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

அங்கமுத்து பையரின் பேப்பரை வாங்கிப் பார்த்தார். முன்பக்கத்துக்கு மூன்று பக்கங்களைத் தனித்தனியாக வரைந்து, ஒன்றின் கீழே டாப், ஒன்றின் கீழே லெஃப்ட், இன்னொன்றின் கீழே ரைட் என்று போட்டிருந்தது. நெடுநேரம் பார்த்தார்.

“எந்த லெஃப்ட்டுங்க இது?”

“பாக்குறவங்க லெஃப்ட்டுண்ணே.”

“போடறவங்க லெஃப்ட்டுதானுங்களே லெஃப்ட்டு.”

அவர் குரலில் கோபம் இல்லை. கைவிடப்பட்டவர் குரலாக இருந்தது. அனுசுயாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தொழிலில் இத்தனை வருடம் சரியாக இருந்ததுதான் அவர் செய்த தப்பு.

“நானும் இதே தப்பை ரெண்டு மாசம் செஞ்சேண்ணே. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் செய்வாரு” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி, டேபிளை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். பிரபாகர் அங்கேயே நின்று பையருக்கு மெயில் அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பார்க்கிறவரின் இடதுதான். நல்லவேளையாகக் கேட்டீர்கள் என்று நன்றியும் சொல்லியிருந்தார்கள். பிரபாகர் அதை அனுசுயாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான். கன்டெய்னர் சொன்ன வியாழக்கிழமையே கிளம்பியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதுவரை அடித்த துணி கொஞ்சம் கழிவில் போயிற்று. யூனிட்டில் இரண்டு ஷிப்ட் ஓடியது. பிரபாகர் முகத்தில் தாடி வளர்ந்தது. அவ்வளவுதான் சேதம்.

ஆனால் அதற்கு நடுவே ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. புது ஸ்கிரீனில் முதல் துணி அடித்து எடுத்ததும் அங்கமுத்து போன் செய்தார். பிரபாகரை அல்ல, அனுசுயாவை.

“ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிருங்க அம்மணி. நீங்க பார்க்காம ரெண்டாவது துணி அடிக்கறதில்லீங்க.”

அவள் போனபோது அவர் டேபிளில் காலி கலர் டப்பாவில் எடுத்துவைத்த, முந்தின நாள் பிரித்த ஒரு கியூபின் துண்டுகளைக் கொட்டி வைத்திருந்தார். பக்கத்தில் புது முன்பக்கத் துணியும் முதுகுத் துணியும். துணியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டாகத் தேடி எடுத்து, கியூபைக் கட்டிக்கொண்டிருந்தார். நாக்கு ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. கேட்ட துண்டு ஒவ்வொன்றும் குவியலில் இருந்தது. கடைசித் துண்டை அழுத்தி மாட்டியதும் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, “மிச்சமொண்ணும் இல்லீங்க” என்றார்.

சட்டையில் இருந்தது இப்போது அவர் கையில் இருந்தது. அனுசுயா டேபிளின் இந்தப் பக்கம் நின்று லேப்டாப்பைத் திறந்து ஐம்பத்துநாலையும் அடித்தாள். இந்த முறை நிறம் சொன்னது அங்கமுத்து. மஞ்சளை மஞ்சள் என்றே சொன்னார். என்டர். இருபத்தொரு திருப்பு வந்தது.

“நான் படிக்கேன், நீங்க திருப்புங்கண்ணே.”

“நானுங்களா?”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

அவர் கியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேல், ஒரு கால் சுற்று என்றாள். திருப்பினார். முன், முக்கால் என்றாள். திருப்பினார். கீழ், அரை. ஸ்கிரீன் பையன்கள் டேபிளைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“இடது, கால் சுற்று.”

அங்கமுத்துவின் விரல்கள் நின்றன. இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். பிறகு டேபிளுக்கு எதிரில் நிற்கிற அவளைப் பார்த்தார்.

அனுசுயா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டேபிளைச் சுற்றி நடந்து போனாள். அவர் பக்கத்தில், அவர் பார்த்த திசையைப் பார்த்து நின்றுகொண்டு, தன் இடது கையை உயர்த்திக் காட்டினாள்.